‘பைய’ என்றால் நின்றுவிடும் கால்கள்

எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எதிர்வீட்டு இசக்கித்தாய்க்குப் பதினேழு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. 1996இல், திருநெல்வேலியில் நடந்த ஊனமுற்றோர் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“யக்கா, நூறு மீட்டர் ஓடப்போறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு நீ கூப்பிடணும். சத்தத்தைப் பிடிச்சு வந்துருவேன்.”

“எதுக்குட்டி ஓடணும்? பரிசுக்கா?”

“நடந்தா யாராச்சும் கையப் பிடிச்சிருதாங்க. ஓடுனா பிடிக்க முடியாதுல்லா?”

அன்று முழுவதும் அது என்னைக் குடைந்தது. கேட்காமலே அவள் கையை எத்தனை தரம் பிடித்திருப்பேன்! அவளுக்காகவா, நான் நல்லவள் என்று எனக்கே தோன்றுவதற்காகவா?

காலைகளில் எங்கள் விக்கிரமசிங்கபுரத்து ஆற்றோரத் திடலில் ஓடிப் பழகினோம். அவள் அம்மா கோமு ஓரமாக நின்று, “பைய, பைய” என்பாள். மெதுவாக என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. காதில் விழுந்ததும் இசக்கித்தாயின் கால்கள் தாமாக நின்றுவிடும். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

“யம்மா, வாயில கொழுக்கட்டையை வச்சுக்கோ!” என்று கத்துவாள். கோமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

போட்டியில் ஒவ்வொருவராக ஓடவிட்டு நேரம் குறித்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஓடி முடித்தபின் இசக்கித்தாயின் முறை வந்தது. “இசக்கி, இங்கன! இங்கன!” என்று கூப்பிட்டேன். நேராக வந்தவள் பாதி தூரத்தில் இடப்பக்கம் சாய்ந்தாள். அங்கே கொடிக்கம்பம். பயத்தில் என் வாயிலிருந்து வந்தது: “ஏட்டி, பைய!”

நின்றுவிட்டாள்.

பந்தலில் கோமு எழுந்தாள். “ஏட்டி, பட்டம் வாங்குனவளே! நானே வாயை மூடிட்டு இருக்கேன், நீ சொல்லுதே!”

கூட்டம் சிரித்தது. இசக்கித்தாயும் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். நடுவர் ஒருவர் அவளைப் பிடித்துக் கூட்டிவர ஓடினார். காலடிச் சத்தம் கேட்டதும், “தொட்டுராதீங்க சார்!” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “யக்கா, சத்தம் குடு. பேரை மட்டும்.”

தொண்டை கிழியக் கூப்பிட்டேன். வந்தாள். கோட்டைத் தாண்டியும் நிற்காமல் என்னை இடித்துத் தள்ளி மேலேயே விழுந்தாள். இருவர் வாயிலும் மண்.

“எத்தனாவது?”

“கடைசி.”

“நடுவுல ஆரும் பிடிக்கலைல்லா?”

“இல்லட்டி.”

மண்ணைத் துப்பிவிட்டு எழுந்தாள். “அப்போ எந்திரி. நீளம் தாண்டுறதுக்கும் பேரு குடுத்திருக்கேன். அதுக்கும் நீதான் கூப்பிடணும்.”