லஸ் முனையில் எடுத்த ஆரத்தி

அந்த மெக்கானிக் செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அவனை நினைத்தால் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் தோன்றுகிறது. நல்லவர்கள் மன்னிக்கட்டும், எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தில் கழித்துப்போட்ட லாரி ஒன்றை எங்கள் முதலாளி வாங்கினார். தியாகராய நகரில் வீடு கட்டும் இடங்களுக்கு அடையாற்று மணல் அடிப்போம். நான்தான் டிரைவர். ஒரு நாள் ரேடியேட்டர் அடியில் தண்ணீர் சொட்டியது. ஆழ்வார்பேட்டையில் ஷெட் வைத்திருந்த அந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். மறுநாளே அடையாறு பாலத்தில், முழு லோடோடு, கொதித்து ஆவி கக்கிக்கொண்டு நின்றது.

"தண்ணி ஊத்தாம ஓட்டிக்கினு வந்துகீறான் மொதலாளி. தூங்குமூஞ்சி! இவன் கையில குடுத்தா இஞ்சினு இன்னாத்துக்கு ஆவும்?" என்றான் முதலாளியோடு வந்து பார்த்த மெக்கானிக், கூலியாட்கள் எல்லோரும் கேட்க.

அன்று காலை என் கையால் கழுத்து வரை தண்ணீர் ஊற்றியிருந்தேன். தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாவியை என்னிடமிருந்து வாங்கி, மெக்கானிக் கூட்டி வந்த அவன் மச்சானிடம் கொடுத்தார். "நீ மணல் அள்ளுப்பா" என்றார். லைசென்ஸ் வைத்திருந்தவன் கூடை சுமந்தேன். அந்த சீட்டைத் திரும்பப் பிடிக்க வேண்டும், அந்த மெக்கானிக்கையும் நாலு பேர் முன்னால் நாறடிக்க வேண்டும். சோறு தின்னும்போதுகூட அதே நினைப்பு.

மூன்றாம் நாள் பகலில், லஸ் முனையில், மச்சான் ஓட்டிய வண்டி மறுபடி கொதித்தது. மணல் மேல் உட்கார்ந்திருந்த நான் குதித்து இறங்கினேன். சந்தோஷம் தாங்கவில்லை. ஆள் போய்ச் சொல்ல, முதலாளி வந்தார். மெக்கானிக்கும் கூடவே வந்தான்.

"அன்னிக்கே இவன் இஞ்சின காய வுட்டுட்டான். அதான் இன்னிக்கும் கொதிக்குது" என்றான்.

ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. ரேடியேட்டரின் மேல் பாதியில் கை வைக்க முடியவில்லை. கீழ்ப் பாதி சில்லென்று கிடந்தது. அப்படியென்றால் தண்ணீர் கீழே இறங்கவில்லை, உள்ளே எதுவோ அடைத்திருக்கிறது. குனிந்து அடியைப் பார்த்தேன். ஈயம் வைத்த அடையாளமே இல்லை. பழைய ஓட்டை அப்படியே இருந்தது, அதைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்த கறை.

அடப்பாவி! நடுவழியில் ஒழுகினால் ரேடியேட்டரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு ஓட்டையை அடைத்து வீடு போய்ச் சேருவார்கள். இவன் பற்றவைக்கச் சோம்பல்பட்டு, கை கையாக அள்ளிக் கொட்டியிருக்கிறான்; அது உள்ளே தண்ணீர் போகும் வழியையே அடைத்துவிட்டது.

"மஞ்சத்தூள் கொட்டிகீறான் மொதலாளி" என்றேன்.

"அது துரு, நைனா. பட்டாளத்து வண்டின்னா அப்பிடித்தான்" என்று சிரித்தான். முதலாளியும் தலையாட்டினார்.

நான் வெற்றிலை போடுகிறவன். சூடு தணியும் வரை பொறுத்திருந்து, ரேடியேட்டர் அடிக் குழாயைத் திருகி, டீக்கடையில் வாங்கிய பீங்கான் தட்டில் கொஞ்சம் தண்ணீர் பிடித்தேன். மடியிலிருந்த டப்பாவைத் திறந்து, சுண்ணாம்பை விரலால் வழித்துக் கலக்கினேன். குபீரென்று சிவந்தது.

"துரு எங்கயாவது சுண்ணாம்புக்கு செவக்குமா? உங்க வூட்டுக் கல்யாணத்துல ஆரத்தி கரைக்கல?"

மச்சான் எப்போது நழுவினான் என்றே தெரியவில்லை. முதலாளி சாவியை என் கையில் வைத்துவிட்டு, "விட்டுடுப்பா, போகட்டும்" என்றார்.

விடுவேனா? தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, மெக்கானிக் முகத்துக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றினேன். விரலில் தொட்டு நெற்றியில் பொட்டு வைத்தேன். "பெரிய கை ராசிக்காரன். கண்ணு பட்டுடப் போவுது!" கூலியாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிச்சத்தை அவன் காலடியில் ஊற்றினேன். அவன் துடைக்கத் துடைக்க அந்தச் சிவப்பு நெற்றி முழுக்கப் பரவியது.

அதற்கப்புறம் மணல் லோடோடு ஆழ்வார்பேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம், அவன் ஷெட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன். அவன் தலை நிமிர்ந்ததும் என் நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவேன். அவன் ஷெட்டைக் காலி செய்துகொண்டு போகும் வரை, ஒரு நாள்கூட விட்டதில்லை.