சின்னச்சாமிக்கு வந்த தீர்ப்பு

மலைமேல் செண்பகனூரில் எங்கள் மிஷன் பள்ளி அட்டெண்டர் சின்னச்சாமிக்குப் பாட வராது. அது அவருக்குத் தெரியாது. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் போடுவாரே ஒரு சத்தம், அதுதான் அவர் குரல். மணியடிப்பது, கதவு பூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர் வேலை. இதில் சேராத இன்னொன்றையும் செய்வார். தினமும் காலை அசெம்பிளியில் முழுத் தொண்டையில் தேசிய கீதம் பாடுவார். பிள்ளைகள் கொடியைப் பார்த்தபடியே குலுங்குவார்கள். நான் வரிசையாகக் கிள்ளிக்கொண்டே போவேன். தமிழ் டீச்சர் என்று பெயர், பார்த்தது பெரும்பாலும் அந்த வேலைதான்.

1986 சுதந்திர தினத்துக்குக் கல்வி அதிகாரி கொடியேற்ற வருவதாகக் கடிதம் வந்தது. தலைமையாசிரியர் இருதயசாமிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அதிகாரி முன்னால் பிள்ளைகள் சிரித்துத் தொலைத்தால் என்ன ஆவது? பாடாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. தேசிய கீதமாயிற்றே.

அந்த வாரம்தான் பேப்பரில் தீர்ப்பு வந்தது. கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கைப்படி, தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்களே தவிரப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. மரியாதையாக நின்றாலே போதும், பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, திரும்பச் சேர்த்துக்கொள் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளைகளைவிட அதிகம் மகிழ்ந்தவர் இருதயசாமிதான்.

"சின்னச்சாமி, ஒனக்கு ஒரு நல்ல சேதிப்பா. இனிமே நீ பாட வேண்டியதில்ல. சும்மா நின்னாலே மரியாதைதான். சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு."

சின்னச்சாமி பேப்பரை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "முழுசா வாசிங்க டீச்சர்." வாசித்தேன். கேட்டுவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குத் திரும்பினார். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் பின்னாலேயே போனேன்.

"பாட இஷ்டமில்லாதவங்கள விட்டுருன்னுதான் சார் போட்டுருக்கு. எனக்கு இஷ்டம் சார்."

"ஒனக்கு இஷ்டம் சரிப்பா, கேக்குறவங்களுக்கு..."

"சகிச்சுக்கிடணும்னும் கடைசியில எழுதியிருக்காங்க சார்."

இருதயசாமி என்னை முறைத்தார். "அமலி டீச்சர், அந்த வரியையும் வாசிச்சீங்களாக்கும்?"

சின்னச்சாமி விடவில்லை. "சும்மா நிக்கிறது எனக்குப் புதுசில்ல சார். சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருபத்தஞ்சு வருசம் அதைத்தான் செஞ்சேன். அங்க தேசிய கீதம் பாடப் போனா, நீ இந்தியாக்காரன்தானேன்னு கேப்பான். இந்தியாவுலயும் எம் பேரு இல்ல. எழுபத்துநாலுல கப்பலேறி வந்து, கையில குடியுரிமைப் பேப்பரு கெடைச்ச பெறகுதான் எனக்குன்னு ஒரு பாட்டு வந்துச்சு."

இருதயசாமி தலைமையாசிரியர் அல்லவா, வழி கண்டுபிடித்துவிட்டார். பதினைந்தாம் தேதி காலை சின்னச்சாமியைக் கீழே கேட்டுக்குக் காவல் போட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. டெல்லியில் கொடுத்ததைச் செண்பகனூரில் பிடுங்கிக்கொண்டாரே!

அன்று நல்ல மூடுபனி. கேட்டிலிருந்து மைதானம் தெரியவில்லை, காற்று கீழிருந்து மேலே அடித்ததால் எங்கள் சத்தமும் அவ்வளவு தூரம் போகவில்லை. அதிகாரி கொடியேற்றினார். பாடி முடித்தோம். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அதிகாரி பேசுவதற்காகத் தொண்டையைச் செருமினார். அப்போது பார்த்துப் பனி விலகியது. கம்பத்தில் கொடி பறப்பதைக் கண்ட சின்னச்சாமி, இப்போதுதான் ஏற்றினார்கள் என்று நினைத்து, நிமிர்ந்து நின்று முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

அதிகாரி பேச்சை விட்டுவிட்டு அட்டென்ஷனில் விறைத்தார். இருதயசாமியும் விறைத்தார். முந்நூறு பிள்ளைகளும் நாங்களும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடப் பாட்டு அவர் இழுப்பில் இரண்டரை நிமிடம் போனது. பிள்ளைகள் அப்போதும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் பனி என்று பக்கத்து டீச்சரிடம் பொய் சொன்னேன்.

"யாருங்க அவரு?" என்றார் அதிகாரி.

"நம்ம அட்டெண்டர் சார்." அந்தக் குளிரிலும் இருதயசாமிக்கு வியர்த்தது. "ஒண்ணும் சொல்ல முடியாது சார், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு."

மிட்டாய் வாங்க மேலே வந்த சின்னச்சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன் டீச்சர், ஒருத்தருமே பாடல?"

நான் திருதிருவென்று விழித்தேன். அவரே என்னைச் சமாதானப்படுத்தினார்.

"சரி விடுங்க டீச்சர். மரியாதையா நின்னீங்கல்ல, அது போதும். கோர்ட்டே சொல்லிருச்சு."