சிரிப்பு வந்தால் மட்டும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் மகளுக்கு ஒன்றரை வருடம் நானே மனநல வைத்தியம் பார்த்தேன். மருந்து, என் ஜோக்குகள். மிளகுத் தோட்டம் போக மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். வாசகர் யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. மகள் சிரித்தாள். அந்த ஒரே சாட்சியை நம்பி, பிள்ளை மனசளவில் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

அவளுக்கு இப்போது பதினாறு. மூட்டுகள் வீங்க ஆரம்பித்தபோது, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புசக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்குகிறது என்று டாக்டர் விளக்கினார். "அப்ப பங்காளித் தகராறுன்னு சொல்லுங்க" என்றேன். டாக்டர் நிமிரவில்லை. மகள் சிரித்தாள். அதற்குப் பிறகு விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னேன். அவளும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவள் போலச் சிரித்தாள்.

விசாரிப்பவர்களுக்குக் குறைவே இல்லை. கீழ்நாட்டு ஜனங்கள் மூட்டுவலிக்கு முடவாட்டுக்கால் என்ற மலைக்கிழங்கு சூப் குடிக்கக் கொல்லிமலை ஏறி வருகிறார்கள். அதே மலையில் குடியிருந்துகொண்டு ஒரு பெண் காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்திருப்பதை ஊர் தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. அவள் மிச்சம் வைத்த சூப்பைக் குடித்ததற்கே எங்கள் வீட்டு நாய் இந்நேரம் பறந்திருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியது. வகுப்பில் 'பன்னு' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். தோழிகளின் போனை எடுப்பதில்லை. நாலு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், "மாத்திரை போட்டு மட்டும் என்ன ஆகப்போகுது?" என்றாள். எனக்கு அதற்கு ஜோக் கிடைக்கவில்லை.

மூட்டு டாக்டர் நல்லவர். "மூட்டை நான் பாத்துக்கறேன். பாப்பா மனசு விட்டுப் பேசறதுக்கு ஒரு ஆள் வேணும். இல்லாட்டி மருந்தை விட்டுருவா" என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி. மலையில் இல்லை. சேந்தமங்கலம் தாண்டி, கீழே ஓர் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் மேடம் ஒருவர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இருப்பார் என்றார்கள்.

முதல் வியாழக்கிழமை அந்த மேடம் டிரெயினிங் போயிருந்தார். இரண்டாவது முறை மனநலப் பிரிவு வாசலில் இருந்தவர் சீட்டைப் பார்த்து, "பதினெட்டு ஆகலீங்களே. குழந்தைங்க பிரிவுக்குப் போங்க" என்றார். குழந்தைகள் பிரிவில் ஒரு நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய புள்ளையவா இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். பஸ்ஸில் முழு டிக்கெட் வாங்கிய பெண், ஆஸ்பத்திரியில் எந்தக் கதவுக்கும் பொருந்தாத வயதில் இருந்தாள். வீங்கிய முழங்காலோடு அவள் அந்த வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடந்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அன்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன்தான் வந்தார். டாக்டர் வரவில்லை.

மூன்றாவது முறை மலை இறங்கும்போது பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா கேட்டார்: "ஏனுங்க, பாப்பாவுக்கு என்னங்க?"

"மூட்டு வாதமுங்க."

"மலையில இருந்துக்கிட்டா? நான் இதுக்குத்தானுங்க ராசிபுரத்துலருந்து வந்துட்டுப் போறேன்!" மடியிலிருந்த பையைத் திறந்து முடவாட்டுக்கால் கிழங்கைக் காட்டினார். "சூப்பு வெச்சுக் குடி சாமி. இந்த வயசுல வலியாவது ஒண்ணாவது!"

மகள் அதற்கும் சிரித்தாள்.

அன்று மேடம் இருந்தார். எனக்கு மகளைவிடச் சின்னவர் போலத் தெரிந்தார். என் வயதில் எல்லா டாக்டர்களும் அப்படித்தான் தெரிகிறார்கள்.

"தூக்கமெல்லாம் எப்படிம்மா?"

"நல்லாத் தூங்கறாளுங்க" என்றேன்.

"சாப்பாடு?"

"அதெல்லாம் செரியாச் சாப்பிடறா."

"உனக்கு என்ன நோவுன்னு டாக்டர் சொல்லியிருக்காரா?"

"பங்காளித் தகராறுங்க" என்றேன், விளக்கமும் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. மகள் சிரித்தாள். மேடம் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு சிரிச்சே?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்துச் சொன்னாள்: "சிரிக்கலீன்னா அப்பா மூஞ்சி வாடிப்போயிருங்க."

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றரை வருடமாக என் மகளை, எனக்குச் சிரித்துக் காட்டும் வேலைக்குச் சம்பளமில்லாமல் வைத்திருந்திருக்கிறேன் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. வீட்டில் அவள் அழுது நான் கேட்டதே இல்லை. எழுந்து கதவுவரை போனேன். தட்டினால் என்ன சொல்வது? கையிலிருந்தது எல்லாம் ஜோக்குதான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மேடம் என்னைக் கூப்பிட்டு, "மாத்திரை போடறேன்னு சொல்லியிருக்கா. அடுத்த மாசம் வரட்டும். தனியாத்தான் பேசணும்" என்றார்.

"அடுத்த மாசமா? அதுவரைக்கும்?"

"நான் ஒருத்திதானுங்க சார் எல்லா ஊருக்கும். நடுவுல எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கேன்." அவர் மீது கோபப்பட முடியவில்லை. வேறு யார் மீது படுவது என்றும் தெரியவில்லை. வெளியே இன்னும் பல பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல ஓர் அப்பாவோ அம்மாவோ.

அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டு வந்தேன். எவ்வளவு நேரம்தான் முடியும்?

"இந்த ரோடு போட்டவரு, அந்த ஆஸ்பத்திரியில வழி கேட்டுக்கிட்டுத்தான் போட்டிருப்பாருன்னு நெனைக்கிறேன்."

மகள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "சிரிப்பு வந்தா மட்டும் சிரிச்சாப் போதும்னு மேடம் சொல்லிட்டாங்கப்பா."

"செரி. இதுக்கு வந்துச்சா?"

அடுத்த வளைவு திரும்பி முடியும்வரை நிதானமாக யோசித்தாள்.

"இல்லீங்கப்பா."