எங்களைப் போன்ற ஆள் வந்தால்

ஊரில் போர் முடிந்த அந்த மே மாதம், டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்கள் தெருக்காரர் கூடி அயல்வீட்டுக் காவல் தொடங்கினார்கள். வெளியே போகிறவர் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர்கள் ஒரு கண் வைத்திருப்பார்கள். அவ்வளவுதான். முதல் ஆளாக நான் சேர்ந்தேன். போரை நிறுத்தக் கேட்டு ஊர்வலம், உண்ணாவிரதம் என்று தமிழர் வீடுகள் பூட்டிக் கிடந்த நேரம் பார்த்து நகைகள் களவு போய்க்கொண்டிருந்தன. யார் எப்போது வீட்டில் இல்லை என்பது தமிழருக்குள்ளேயே இருப்பவனுக்குத்தானே தெரியும் என்று எங்கள் ஆட்களே குசுகுசுத்தார்கள். நானும் அதை நம்பினேன். சந்தேகப்படுவதைக் கெட்டித்தனம் என்று நினைக்கிற புத்தி எனக்கு.

பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அவரிடம் போய், "எங்களைப் போன்ற ஆள் யாராவது வந்தால் சொந்தக்காரர் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உடனே பொலிசைக் கூப்பிடுங்கள்" என்றேன். இதை மனைவியிடம் சொல்லவில்லை.

மனைவியின் தாய் வன்னியில் அகப்பட்டிருந்தார். வாரக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அந்தச் சனிக்கிழமை நானும் மனைவியும் ஓர்ஹுஸ் நகரில் நடந்த ஊர்வலத்துக்குப் போயிருந்தோம். ஒடென்சேயில் இருந்த அவளுடைய தம்பிக்கு அகதி முகாமில் இருந்து செய்தி வந்திருக்கிறது: அம்மா செல் குண்டு விழுந்து செத்துப்போனார். இழவுச் செய்தியை அக்காவுக்குப் போனில் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. நேரில் சொல்லக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். மணியடித்துப் பார்த்து, வீட்டின் பின்பக்கம் போய்க் குசினி யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறான்.

பின்னேரம் நாங்கள் திரும்பியபோது வாசலில் பொலிஸ் கார் நின்றது. மச்சான் புல்லில் முழங்காலில் இருந்தான். இரண்டு கைகளும் பிடரியில். ஊரில் ஆமி பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்து வெளியே விட்ட ஆள் அவன்.

"நாங்கள் இவரைத் தொடவே இல்லை," என்றார் இளம் பொலிஸ்காரர் சங்கடத்தோடு. "பெயர்தான் கேட்டோம். எழும்பச் சொன்னாலும் எழும்புகிறார் இல்லை." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தன்னுடைய தாய் இறந்துவிட்டார், அதைச் சகோதரியிடம் சொல்ல வந்தேன் என்கிறார். உண்மையா?"

மனைவி என் பக்கத்தில்தான் நின்றாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். டெனிஷ் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். நான் வாயைத் திறக்க முன்னமே அம்மா போய்விட்டார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து டெனிஷ் அம்மா வேலியோரம் வந்தார். "உங்களைப் போன்ற ஆள் வந்தால் கூப்பிடச் சொல்லி உங்கள் கணவர்தான் சொன்னார்," என்றார் மனைவியிடம். அவரில் ஒரு பிழையும் இல்லை.

மச்சான் தலையைத் திருப்பாமல் தமிழில் சொன்னான்: "அத்தான், நான் எழும்பலாமோ எண்டு அவையளிட்டை ஒருக்காக் கேளுங்கோ."

நான் பொலிஸ்காரர் பக்கம் திரும்பினேன்.

"நீங்கள் ஒண்டும் கேக்க வேண்டாம்," என்றாள் மனைவி. போய்த் தம்பிக்குப் பக்கத்தில் புல்லில் குந்தி, பிடரியில் கோத்திருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.