தொந்தி உள்ள இன்மை

வர்சினியின் கணவர் பாய்மின் எங்கள் யோக்யகர்த்தா நகரில் ரிக்‌ஷா ஓட்டியவர். மதிய வெயிலில் வண்டியிலேயே கால் நீட்டித் தூங்குவார். ஒருநாள் அந்தத் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோனது. கண்ணீர் காய்வதற்குள் வர்சினி தூரிகையை எடுத்தாள். மரநிழல், வண்டி, பொத்தான் தெறித்த சட்டை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் தொந்தி. படத்துக்கு ‘பாய்மின் தூங்குகிறார்’ என்று பெயர் வைத்தாள்.

படம் இடம்பெற்ற ஓவியக் கண்காட்சியைத் தொகுத்த அதிகுசுமா அந்தப் பெயரை எடுத்துவிட்டார். சுவரில் ‘பெயரிலி’ என்று ஒட்டி, கீழே எழுதினார்: “நகர்வெளியின் விளிம்பில் உடலின்மை தன்னைத்தானே மறுதலிக்கும் கணம்.”

“ஐயா, அவர் பேரை மட்டும் போட்டுடுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“பேர் போட்டா படம் சின்னதாயிடும் அக்கா. உங்களுக்கு அது புரியாது.”

வர்சினி அழவில்லை. இந்த அழுகையை அழ வேண்டியவர் வேறொருவர் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

திறப்பு விழாவுக்கு ஒரு கோமாளி நடிகரை அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். இம்முறை அழைக்கப்பட்டிருந்த மர்தியோவை அவள் போய்ப் பார்த்தாள்.

“நீங்க எதுவும் யோசிக்க வேணாம்ணே. சுவத்துல இருக்கறத அப்படியே படிங்க.”

மர்தியோ தலைப்பாகை கட்டிக்கொண்டு, அரசாணை வாசிப்பதுபோல் நிறுத்தி நிதானமாகப் படித்தார். அதிகுசுமா பெருமையோடு தலையாட்டினார். ‘உடலின்மை’ வந்ததும் மர்தியோ நிறுத்தினார். படத்தை உற்றுப் பார்த்தார்.

“ஐயா, இதுல படுத்திருக்கறது யாருங்க?”

“அது… ஆள் இல்ல. ஒரு இன்மை.”

“இன்மைக்கு இவ்வளவு பெரிய தொந்தியா?”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பின்னால் நின்றிருந்த ரிக்‌ஷாக்காரர்களில் ஒருவர் குரல் கொடுத்தார்: “அது நம்ம பாய்மின்யா. குறட்டை விட்டே சவாரியைத் துரத்துவான்.”

அதிகுசுமாவின் முகம் வெளிறியதை வர்சினி கண் கொட்டாமல் பார்த்தாள். கணவர் போன பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டதாக என்னிடம் சொன்னாள்.

மறுநாள் பாய்மினின் பெயர் சுவரேறியது. அவளுக்கு அது போதவில்லை.

நோன்புப் பெருநாளன்று மன்னிப்புக் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அது தெரிந்துதான் அதிகுசுமா பிஸ்கட் டப்பாவோடு அவள் வாசலுக்கு வந்தார்.

“தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையை மன்னிச்சிடுங்க அக்கா.”

“என்கிட்ட எதுக்கு? அவர்கிட்டக் கேளுங்க.”

சுவரில் பாய்மினின் புகைப்படம் இருந்தது. அதிகுசுமா அதன் முன்னால் கைகூப்பினார்.

“மன்னிச்சிடுங்க.”

“யாரு மன்னிக்கணும்? அவருக்குப் பேர் இல்லையா?”

அவர் மறுபடி கைகூப்பினார். “பாய்மின் அண்ணே… மன்னிச்சிடுங்க.”

வர்சினி பெருநாள் சோற்றைத் தட்டில் எடுத்து வைத்தாள். ஆனால் நீட்டவில்லை.

“இன்னும் சத்தமா. அவர் தூங்கினா லேசுல எழுந்திருக்க மாட்டார்.”