கன்டினியுட்டி நோட்டு

போன வாரம் என் மனைவி மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டாள். “நீதான் எங்கயாச்சும் வெச்சிட்டு மறந்திருப்ப” என்றேன், போனிலிருந்து தலையைத் தூக்காமல். பார்த்தால் அது என் சட்டைப் பையில் இருக்கிறது. அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே சாவகாசமான குரலில், ஒரு பெண்ணிடம் ஒரு மாதம் முழுக்கப் பொய் சொன்னவன் நான்.

இருபது வருஷமாவது இருக்கும். பெருங்களத்தூரில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் பேய்ப்படம் எடுத்தோம். பேய் கிடையாது, தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கிற கதை. நடித்தவர் சுகந்தி அக்கா. குரோம்பேட்டைக்காரர், நாடகத்திலிருந்து வந்தவர், கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வருவார். நான் உதவி இயக்குநர், அதாவது டீ சொல்பவன். கூடவே கன்டினியுட்டி. காட்சிகளை முன்பின்னாக எடுப்பதால் டம்ளர் எங்கே இருந்தது, கையில் எத்தனை வளையல் என்றெல்லாம் நோட்டில் குறித்துவைக்க வேண்டும். நோட்டில் இருந்தால் அதுதான் சத்தியம். டைரக்டரே அதற்குக் கட்டுப்படுவார்.

“அழறா, ஆனா பயப்பட மாட்டேங்கிறா” என்று அலுத்துக்கொண்ட டைரக்டர், ஒரு நாள் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். “தினம் ஒரு சாமான மாத்தி வை. நோட்டுலயும் மாத்தி எழுதிடு, கேட்டா காட்டு.”

‘பாவம் சார், அந்த அக்கா’ என்று சொன்னதாக எழுத ஆசைதான். நான் கேட்டது, “மொதல்ல எத மாத்தலாம் சார்?”

சீப்பில் ஆரம்பித்தேன்.

“தம்பி, இது நேத்து அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?”

“இல்லக்கா, இங்கதான். பாருங்க, எழுதியிருக்கேன்.”

“அப்படியா? சாரிப்பா.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! மறுநாள் காலண்டர். அப்புறம் வளையலில் இரண்டு. அப்புறம் அவருடைய சொந்தக் கைப்பையிலேயே கை வைத்தேன். லைட்மேன் அண்ணன், “இன்னாக்கா, ஒரே பேஜாரா கீதா?” என்று கேட்க, மானிட்டருக்குப் பின்னால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அக்கா உள்ளங்கையில் பேனாவால் எழுதிவைத்துக்கொள்ள ஆரம்பித்தார்: சீப்பு வலது, வளையல் எட்டு. ஷாட்டுக்கு முன்னால் மேக்கப்காரர் அதைத் துடைத்துவிடுவார். கன்டினியுட்டி இடிக்கும் என்று துடைக்கச் சொன்னது நான்தான். என்ன ஜென்மமோ நான்!

கண்ணாடி முன்னால் அழும் காட்சியில் ‘கட்’ சொன்ன பிறகும் அக்கா நிறுத்தவில்லை. கேமராவைத் தாண்டி என்னைப் பார்த்தார். “தம்பி, எனக்கு ஒரு கொழந்த இருக்குல்ல? கொஞ்சம் நோட்டுல பாத்துச் சொல்லேன்.”

டைரக்டர் கேமராவை நிறுத்தவேண்டாம் என்று சைகை காட்டினார். முடிந்ததும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்த நாள் அக்கா வரவில்லை. அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினார்.

படம் வெளிவரவேயில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாம்பரம் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவர்தான் அடையாளம் கண்டு கூப்பிட்டார். அங்கேயே, கீரைக் கடைக்கு முன்னால், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “நாங்கதான் மாத்தினோம் அக்கா. நீங்க சொன்னது அத்தனையும் சரி.”

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “ஆறுதலுக்குச் சொல்ற. எனக்குத்தான் மண்டை சரியில்ல, இன்னும் மாத்திரை சாப்பிடறேன். அத்தன தடவ கேட்டும் நீ ஒரு நாள்கூட மூஞ்சச் சுளிக்கலியேப்பா. தினம் நோட்டப் பாத்துப் பொறுமையா சொல்லுவ.”

டைரக்டர் செத்துப்போய்விட்டார். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. பிலிம் எந்த லேபில் மட்கியதோ தெரியாது, நோட்டை நானே பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். சீப்பு வலது பக்கம்தான் இருந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் பாக்கி. நான் சொன்னதையெல்லாம் நம்பிய அந்த அக்கா, இதை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்.