கோர்வைத் தறியும் பாதி மாத்திரையும்

புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்வதைக் காஞ்சிபுரத்தில் கோர்வை என்போம். இரண்டு பேர் ஒரே தறியில் உட்கார்ந்து, ஒருவர் கவனத்தை இன்னொருவர் நம்பிச் செய்கிற தொழில் அது. என் கவனத்தை நம்பி உட்கார்ந்தவள் என் மனைவி கன்னியம்மா. அவளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சுவரை உரசியது. அவள் தலையைத் தூக்கி, தள்ளுகிறவனிடம், “நேராத் தள்ளுப்பா, கரை வுட்டுப் போவுது பாரு” என்றாள். கதவு மூடிக்கொண்டது.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நான் போட்டுக்கொண்ட ஒரு மாத்திரையைப் பற்றித்தான் எழுத வருகிறது. மனம் ஓரிடத்தில் நிற்காத ஆட்களுக்காக எழுதுகிறேன். பாதியில் எழுந்து போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், எனக்குத் தெரியும்.

விரல் போன வழி

நான் தறிக் குழியில் இறங்கி நடுவில் உட்காருவேன். அவள் என் இடது பக்கம், கரை ஓரத்தில். உடம்பு நூலும் கரை நூலும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நான் வாசலில் போகிற காவடியைப் பார்த்தால் ஒரு வரிசை பிடிக்காமல் போகும். காக்காயைப் பார்த்தால் இன்னொன்று. புடவை முடியும்போது கரைக்கும் உடம்புக்கும் நடுவே அங்கங்கே சந்து இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், அடுத்தடுத்து எல்லாப் புடவையும் இப்படியே போனது. எங்களுக்குப் பட்டு கொடுத்து வேலை வாங்கும் முதலாளி ஏகாம்பரம், கல்யாணப் புடவை ஒன்றை வெயிலில் விரித்தார். சந்தில் விரலை விட்டார். விரல் அந்தப் பக்கம் வந்து எனக்கு வணக்கம் சொன்னது. சாதாப் புடவைக்கு ஒரு ஆள் போதும். அவர் இனி அதைக் கொடுத்துவிட்டால் கன்னியம்மா வேறு தெருவில் யார் தறியிலாவது போய் உட்கார வேண்டியதுதான். முதலாளி விரலை எடுக்காமலே சொன்னார்: “இன்னாய்யா இது, புடவையா, ஜன்னலா? அடுத்ததுலயும் இப்படி இருந்துச்சு, கோர்வை கிடையாது. நீ ஒண்டியா சாதா நெய்யி, உன் பொண்டாட்டி வேற தறி பாத்துக்கட்டும்.”

குழந்தை எங்கே?

தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த மெட்ராஸ் டாக்டர் ஒருவர், நெய்வதைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் தறியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “எவ்வளவு நாளா இப்படி?” என்று கேட்டார். “பொறந்ததுலேர்ந்துன்னு இவங்கம்மா சொல்வாங்க சார்” என்றாள் கன்னியம்மா. மெட்ராஸுக்கு வரச் சொன்னார். போனோம். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். நான் அங்கே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் ஓரிடத்தில் உட்காராத பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறார்களாம். பெரியவர்களுக்கு அதிகம் கொடுப்பதில்லை, பாதியில் ஆரம்பிக்கலாம் என்றார். காலையில் மட்டும். பசி குறையும். மாதாமாதம் வந்து காட்ட வேண்டும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மருந்துக் கடைக்காரர் சீட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார், பிறகு எட்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் தேடினார். “குழந்தையைக் கூட்டினு வரலையாம்மா?” என்றார். கன்னியம்மா என் தோளைத் தொட்டுக் காட்டினாள்: “இதோ நிக்குது பாருங்க, மீசை வெச்சுக்கினு.”

முதல் நாள்

மறுநாள் காலை இட்லி தின்றுவிட்டுப் பாதி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு வரதன் தன் தறியை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் தெருவுக்கு யாரோ கதவைச் சாத்தியது மாதிரி சத்தமெல்லாம் தள்ளிப் போனது. அப்போது மாடத்தில் சிக்கலாகிக் கிடந்த பட்டு நூல் உருண்டை ஒன்று கண்ணில் பட்டது. வருஷக்கணக்காக அங்கேயே கிடந்தது, யாருக்கும் உதவாதது. எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன்.

மத்தியானம் வரை பிரித்தேன். ஒரு இழைகூட அறுபடவில்லை. காக்காய் வந்ததா, காவடி போனதா, எனக்குத் தெரியாது. கன்னியம்மா கரை ஓரத்தில், நூலை ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள். தறியில் ஒரு வரிசை ஏறவில்லை. போகும்போது வரதன் சொன்னான்: “அண்ணே, மாத்திரை நல்லா வேலை செய்யுது. நீங்கதான் செய்யல.”

பிரசாதம்

அவள் மூளைக்காரி. அடுத்த நாளிலிருந்து என்னைக் குழியில் இறக்கி, நாடாவைக் கையில் கொடுத்து, பிறகுதான் மாத்திரையைக் கொடுத்தாள். மாத்திரை பிடிக்கிற நேரத்தில் கண் முன்னால் தறி இருந்ததால் மனமும் அதிலேயே பிடித்துக்கொண்டது. கரை பிடித்தது. ஆனால் எங்கள் தெருவில் எது வந்தாலும் பங்கு உண்டு. கோயில் பொங்கலும் ஒன்றுதான், வைத்திய மருந்தும் ஒன்றுதான். மாமியார் பேச்சைக் கேட்காத மருமகளுக்கு ஒன்று கேட்டு ஒரு அம்மாள் வந்தாள். மருமகள் பேச்சைக் கேட்காத மாமியாருக்கு ஒன்று கேட்டு, அதே வீட்டிலிருந்து, மருமகள் வந்தாள். டாக்டர் சொன்னதைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். கர்வம் பிடித்தவன் என்று பெயர் வந்தது. கடைசியாக வரதன் வந்தான்: “எங்க மச்சானுக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே. பாவம், சீட்டாட்டத்துல அவனுக்குக் கவனமே நிக்கல.”

முதலாளியின் ஏமாற்றம்

புடவை முடிந்தது. மடித்து எடுத்துக்கொண்டு நாங்கள் இருவருமே போனோம். கன்னியம்மா வழியெல்லாம் முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள். முதலாளி வெயிலில் விரித்தார். ஒரு கரை முழுக்க விரலால் தடவினார். மறு கரைக்குப் போனார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விரல் போக இடமில்லை. அடுத்த கோர்வைக்குப் பட்டு நூலை எடுத்து வைக்கச் சொன்னார். கூலியில் பிடித்துக்கொள்ளக் காரணம் கிடைக்காத முகத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பேருக்கு ஒரு குத்தமாவது வெச்சிருக்கக் கூடாதாய்யா?”

நாடா நின்றது

அவள் நெய்துகொண்டே பேசுகிறவள். கருடசேவைக் கூட்டத்தில் யார் யாரோடு நின்றார்கள், தங்கை வீட்டில் எந்தப் பாத்திரம் பறந்தது, வாலாஜாபாத் சந்தையில் யார் ஏமாந்தார்கள், எல்லாம் வரும். முன்பெல்லாம் நான் சிரிப்பேன், வரிசை போகும், திட்டுவாள், மறுபடி பேசுவாள். மாத்திரைக்குப் பிறகு வரிசை போகவில்லை.

ஒரு நாள் கரை மூடாமல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை. “இன்னா ஆச்சு?” என்றேன். அவள் கத்தவில்லை. “ரெண்டு பேரும் ஒரே தறியில இருக்கணும்னுதான மெட்ராஸ் வரைக்கும் போனோம்? இப்ப நான் மட்டும்தான் இங்க இருக்கிறேன்.”

அடுத்த முறை டாக்டரிடம் அவளே கேட்டாள். அந்த மாத்திரையின் வேகம் மத்தியானத்தோடு இறங்கிவிடும் என்றார். அதை வைத்து அவள் ஒரு நாளை இரண்டாகப் பிரித்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் கோர்வை, பேச்சு கிடையாது. சாப்பாட்டுக்குப் பிறகு நூல் சுற்றுவது, அறுந்ததை முடிவது. எது கெட்டாலும் திருத்திக்கொள்ளலாம், அப்போது பேச்சு. காலையில் காதில் விழுந்த சேதியை மத்தியானம் வரை அடக்கிவைக்க அவள் பட்ட பாடு சாதாரணமல்ல. சோற்றைப் பரிமாறும்போதே ஆரம்பித்துவிடுவாள்: “சீக்கிரம் தின்னுங்க, மூணு குடும்பத்து சண்டை பாக்கி இருக்குது.”

அவள் இருந்தவரை அப்படித்தான் நடந்தது. இப்போது மத்தியானங்களில் ரேடியோ வைக்கிறேன், நான் கேட்கிறேனா என்று அது நிறுத்திப் பார்ப்பதில்லை.